ஸ்டோக் விற்ற மேத்யூஸ்

இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் வயதேறிய ஆட்டக்காரரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுத்த விதத்தை அறிய, 1893 முதல் அங்கு நிலவிய தக்கவைப்பு முறையை முதலில் அறிய வேண்டும். ஆட்டக்காரரின் பதிவு கழகத்தின் உடைமையாகக் கருதப்பட்டதால், ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் இசையாமல் அவர் வேறொரு லீக் கழகத்துக்கு ஆட முடியாது. அவரை வாங்குவோர் தரும் தொகை, அதாவது மாற்றுத்தொகை, விற்ற கழகத்துக்கே போய்ச் சேரும். 1901-இல் வாரத்துக்கு 4 பவுண்டு என வகுக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பும் இதனோடு சேர்ந்துகொண்டது. எவ்வளவு புகழ்பெற்றவருக்கும் வரம்புக்கு மேல் கொடுக்கலாகாது என்பதால், மூத்த நட்சத்திரத்தை வைத்துக்கொள்வது பெருஞ்செலவாக இருக்கவில்லை. வயது ஏற ஏற அவருடைய விலை இறங்கிவிடுமே என்ற கவலைதான் இயக்குநர்களை அவசரப்படுத்தியது.

அந்த அவசரத்துக்கு மிகத் தெளிவான சான்று ஸ்டான்லி மேத்யூஸ். வலது ஓரத்தில் பந்தை உருட்டிச் சென்று தடுப்பாளரை ஏமாற்றுவதில் இணையற்றவரான அவர், மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் நகரின் மைந்தர். 1938-இல் அவர் ஸ்டோக் கழகத்தை விட்டு விலக விரும்பியபோது ஊரார் பொதுக்கூட்டம் கூட்டி அவரை நிறுத்திவைத்தனர். எனினும் மேலாளர் பாப் மெக்ரோரியுடன் மனக்கசப்பு முற்றிய நிலையில், 1947 மே மாதம், 32 வயதில், 11,500 பவுண்டுக்கு அவர் பிளாக்பூலுக்கு விற்கப்பட்டார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றிருந்தால் முதல் பிரிவுப் பட்டம் ஸ்டோக்குக்கே கிடைத்திருக்கும் என்பதையும், ஷெஃபீல்டில் அவரில்லாமல் ஆடிய அணி தோற்றது என்பதையும், அப்பட்டம் அந்தக் கழகத்துக்கு இன்றுவரை வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது பிழையான விற்பனை என்றே சொல்ல வேண்டும்.

பிளாக்பூலோ அவரிடம் 14 ஆண்டுகள் பயன்பெற்றது. 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்டனிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்த அணி 4-3 என வென்றதற்கு, 38 வயது மேத்யூஸ் வலது ஓரத்திலிருந்து அனுப்பிய பந்துகள் பெருங்காரணம். 1956-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் தங்கப்பந்து விருதும் அவருக்கே சென்றது.

ஊதிய உச்சவரம்பு ஒழிந்த 1961-இல், இரண்டாம் பிரிவில் தடுமாறிய ஸ்டோக், மேலாளர் டோனி வாடிங்டனின் துணிவால், 46 வயதான அவரை, தான் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதற்கு முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு 9,000 பேர்கூட வரவில்லை. அவர் திரும்பிய ஆட்டத்துக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். வாயிற்கட்டணமே கழகத்தின் முதன்மை வருவாயாக இருந்த அக்காலத்தில், மூத்த ஆட்டக்காரரின் மதிப்பைக் காலின் வேகத்தால் மட்டும் அளந்த கணக்கு எத்துணைக் குறையுடையது என்பதை அந்தக் கூட்டமே காட்டியது. 1963-இல் ஸ்டோக் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு, ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், தக்கவைப்பு முறை தொழிலுரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

1965 பிப்ரவரியில், 50 வயது நிறைந்த ஐந்தாம் நாள், மேத்யூஸ் தம் கடைசி லீக் ஆட்டத்தை ஸ்டோக்குக்காகவே ஆடினார். 2000-இல் மறைந்த அவருடைய அஸ்தி, அக்கழகத்தின் ஆடுகள நடுவட்டத்தின் அடியில் புதைக்கப்பட்டுள்ளது.