ஆட்டமும் ஆபத்தும்: ரோனன் வீழும் காட்சியில் நகைச்சுவையின் வேலை

ஜேம்ஸ் கன் இயக்கி 2014இல் வெளிவந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தின் இறுதியில், ஸாண்டார் என்னும் கோளை அழிக்க வந்த ரோனன் சம்மட்டியை ஓங்குகிறான். எதிரே நிற்கும் பீட்டர் குவில் வாய்விட்டுப் பாடி, உடம்பை வளைத்து ஆடத் தொடங்குகிறான். ஆட்டப் போட்டிக்கு வரும்படி ரோனனையே அழைக்கிறான். சூப்பர்ஹீரோ படங்களின் உச்சக்கட்டத்தில் புகும் அசட்டு நகைச்சுவை வில்லனைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது என்ற கருத்துக்கு இந்தக் காட்சி வழக்கமான சான்றாகிவிட்டது. அந்த வாசிப்பில் சிரிப்பும் அச்சமும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். காட்சியை நிகழ்ச்சி வரிசைப்படி பார்த்தால் இம்முடிவு நிலைக்கவில்லை.

ஆட்டத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் விவாதத்தில் போதிய இடம் பெற்றதில்லை. ரோனனின் போர்க்கப்பல் தரையில் விழுந்து நொறுங்கியிருக்கிறது. தோழர்களைத் தன் கிளைகளால் பொதிந்து காத்த மர உயிரி குரூட் சிதறிப்போனான். அந்தத் துயரத்தோடு ரோனன்மேல் பாய்ந்த தோழன் ராக்கெட் தூக்கியெறியப்படுகிறான். நாயகர்களின் ஒரே பெரிய ஆயுதம் கப்பலுக்குள்ளேயே ரோனன்மேல் சுடப்பட்டு, புகை விலகியபோது அவன் காயமின்றி நின்றதைப் பார்வையாளர் கண்டிருக்கிறார்கள். சம்மட்டியில் பதித்த கல் தரையைத் தொட்டால் கோளில் எந்த உயிரும் மிஞ்சாது. வில்லனின் வலிமையைப் படம் முழுமையாக நிறுவி முடித்த இடத்தில்தான் ஆட்டம் தொடங்குகிறது.

ஆட்டத்தின்போது நடப்பவை இரண்டு. முதலாவது, ரோனனின் முகம். ரோனனாக நடித்த லீ பேஸ் அதுவரை சீற்றத்தையும் இறுமாப்பையுமே காட்டிவந்த முகத்தில் குழப்பம் எழுகிறது. என்ன செய்கிறாய் என்று கேட்கிறான். அவன் சிரிப்பதில்லை, ஆடுவதில்லை, தடுமாறி விழுவதுமில்லை. தன் கொள்கை வெறியின் எல்லைக்குள் அடங்காத ஒன்றைக் கண்டு திகைக்கிறான், அவ்வளவே. சிரிப்புக்கு இலக்காவது முழுக்க குவிலின் உடம்பு. இரண்டாவது, பின்னணியில் நடக்கும் வேலை. இன்னொரு தோழனான டிராக்ஸும் ராக்கெட்டும் உடைந்த துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். உன் கவனத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்று குவில் சொன்னதும் துப்பாக்கி வெடித்துச் சம்மட்டி சிதறுகிறது. முன்பு தோற்ற ஆயுதம் இப்போது மட்டும் எப்படி வென்றது என்ற கேள்விக்கு விடை எளிது: முன்பு குறி ரோனனின் உடல், இப்போது குறி அவன் கையிலுள்ள சம்மட்டி. அது அசையாமல் நின்ற சில நொடிகளைத் தந்தது ஆட்டம்.

ஆகவே இக்காட்சியில் நகைச்சுவையின் காலமும் ஆபத்தின் காலமும் ஒன்றே. குவில் ஆடும் ஒவ்வொரு நொடியும் ரோனன் விழித்துக்கொள்ளக்கூடிய நொடி. பார்வையாளர் சிரித்துக்கொண்டே அந்த நொடிகளை எண்ணுகிறார்கள். திரையரங்கில் எழும் பெருஞ்சிரிப்பே அச்சம் கரைந்ததற்குச் சாட்சி என்ற மறுப்புக்கு இங்கே அதிக மதிப்பில்லை. நடுங்கும்போதும் மனிதர் சிரிப்பதுண்டு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. செய்யுளுக்கென அமைந்த பகுப்பைத் திரைக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் தராசு உவமை மறைத்துவிடும் ஒரு வேறுபாட்டை அது காட்டிக்கொடுக்கிறது. வில்லனைச் சிறுமைப்படுத்த வல்லது எள்ளல். குவில் இறுதியில் வீசும் ஒரு வசை அதில் அடங்கும் என்பதை மறுக்க முடியாது. ஆட்டமோ வெளிப்பார்வைக்குப் பேதைமை, உள்ளே இளமை. அவன் பாடுவது ஃபைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ் குழுவின் 1970ஆம் ஆண்டுப் பாடல். தாய் தொகுத்துத் தந்த ஒலிநாடாவில் இருப்பது. 1988இல் அந்தத் தாய் சாகக்கிடந்து கைநீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட சிறுவன்தான் இங்கே ஆடுகிறான். சம்மட்டி உடைந்ததும் நகைச்சுவை முற்றிலும் நின்றுவிடுகிறது. கல்லைப் பற்றிய குவிலின் உடல் பிளக்கத் தொடங்க, தோழி கமோரா கைநீட்டுகிறாள். அவன் அவளிடத்தில் தாயைக் காண்கிறான், இம்முறை கையைப் பற்றுகிறான். ஆட்டத்தை வெட்டியெடுத்தால் இந்தக் கைப்பற்றலும் வேரற்றுப்போகும்.

ரோனன் நினைவில் தங்காத வில்லன் என்ற புகார் நியாயமானதே. ஆனால் அந்தக் குறை ஆட்டத்தால் விளைந்ததன்று. ஐந்து நாயகர்களை அறிமுகம் செய்து ஒன்றுசேர்க்க வேண்டிய திரைக்கதை, அவனுக்குத் தந்தையையும் பாட்டனையும் போரில் இழந்த வஞ்சத்தை ஒரு பேச்சில் தந்துவிட்டு நகர்கிறது. டிராக்ஸின் குடும்பத்தைக் கொன்றவன் அவன். அவர்கள் தன் நினைவிலேயே இல்லை என்கிறான். அந்த மறதியைப் பற்றிக்கொண்டு படம் மேலே போயிருந்தால் ரோனன் உயர்ந்திருப்பான். முதல் பாதியில் நேர்ந்த இழப்பை இறுதிக்காட்சியின் கணக்கில் எழுதுவது தவறு.

உண்மையிலேயே வில்லனைக் குலைக்கும் நகைச்சுவைக்கு ஆலன் டெய்லரின் 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' (2013) தக்க எடுத்துக்காட்டு. ஒன்பது உலகங்களும் ஒரே கோட்டில் வர, கிரீனிச்சில் வில்லன் மாலெகித் பேரண்டத்தை இருளில் ஆழ்த்தப் போகிறான். உலகங்களுக்கிடையே திறந்த வழியொன்றில் விழுந்த தோர் லண்டன் பாதாள ரயில் நிலையத்துக்கு வந்துசேர்ந்து, கிரீனிச் போக வழி கேட்டு ரயிலேறுகிறான். வண்டி குலுங்க, ஒரு பெண் அவன்மேல் சாய்கிறாள். கதைக்குள் யாரும் தேர்ந்தெடுக்காத சிரிப்பு இது. படமே ஏற்பாடு செய்தது. தோர் பயணம் செய்யும் வரை பேரழிவு காத்திருப்பதுபோலத் தோன்றுவதால், அந்த அழிவுக்கு அவசரமில்லை என்று பார்வையாளர் கற்றுக்கொள்கிறார்கள். அசட்டுத்தனத்தின் அளவை மட்டும் பார்த்தால் ரயில் பயணம் குவிலின் ஆட்டத்தைவிட மிதமானது. கெடுதல் அதிகம் செய்வது அதுவே.

ஸ்காட் டெரிக்சனின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' (2016) இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு துணைநிற்கிறது. காலச் சுழலில் வில்லன் டோர்மாமுவைச் சிக்கவைத்த ஸ்ட்ரேஞ்ச், பேரம் பேச வந்திருப்பதாகத் திரும்பத் திரும்ப அறிவித்துத் திரும்பத் திரும்பச் சாகிறான். சிரிப்பு அந்த மறுநிகழ்விலிருந்து வருகிறது. ஒவ்வொரு மறுநிகழ்வுக்கும் ஒரு சாவு விலை. முடிவில் விடுதலை கேட்டுக் கெஞ்சும் டோர்மாமு சற்றே சிறுத்துத் தெரிவது உண்மை. ஆனாலும் அவனைச் சிறுக்கவைத்தது ஸ்ட்ரேஞ்ச் தாங்கிய வலி.

டைகா வைடீட்டியின் 'தோர்: ராக்னராக்' (2017) இந்த வரிசையில் வைக்கத்தக்கதன்று. தோரின் ஊரான அஸ்கார்ட் அழியும்போது, அடித்தளம் உறுதியாக இருக்கும்வரை ஊரைத் திரும்பக் கட்டலாம் என்று தோரின் தோழன் கோர்க் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் வெடித்துப்போகிறது. அதற்குள் வில்லி ஹெலாவின் கதை முடிந்துவிட்டது. அந்தச் சிரிப்பால் அவள் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இழந்தவர்கள் கப்பலில் நின்று தம் ஊர் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அஸ்கார்ட் மக்கள். அழுவதற்கு அவர்களுக்கு இருந்த நேரத்தை அந்தச் சிரிப்பு எடுத்துக்கொண்டது.