யூரின் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி... புராஸ்டேட் அழற்சியா? எப்படி கண்டுபிடிப்பாங்க?

புராஸ்டேட் என்றாலே 'வயசானவங்களுக்கு வர்ற பிரச்சனை' என்று நினைப்பவர்கள் அதிகம். வயதாகும்போது இந்தச் சுரப்பி பெரிதாவது வேறு, அதில் அழற்சி ஏற்படுவது வேறு. அழற்சி 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களுக்கும் சாதாரணமாக வரும்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது இந்தச் சுரப்பி. அதனால்தான் யூரின் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகணும் என்ற உணர்வு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, விந்து வெளியேறும்போது வலி எல்லாம் வருகிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. சிக்கலே அங்கேதான்.

ஏன்னா, எல்லா அழற்சிக்கும் கிருமி காரணமில்லை. டாக்டர்கள் இதை 4 வகையாகப் பிரிக்கிறார்கள். திடீரென்று குளிர் காய்ச்சலோடு வருவது ஒன்று. யூரின் தொற்று சரியாகி, திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும்தான் பாக்டீரியா காரணம், பெரும்பாலும் ஈ.கோலை. மூன்றாவது வகையில் மாதக்கணக்கில் வலி இருக்கும், ஆனா டெஸ்டில் கிருமி சிக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வகைதான். நான்காவது, எந்த அறிகுறியும் இல்லாமல் வேறு டெஸ்டில் தற்செயலாகத் தெரிவது. அதற்குப் பொதுவாகச் சிகிச்சையே வேண்டாம்.

எந்த வகை என்று பார்க்க முதலில் யூரின் டெஸ்ட், கல்ச்சர். மாத்திரை போடுவதற்கு முன்பே யூரின் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி சிக்காமல் போகலாம். ஆசனவாய் வழியாக டாக்டர் விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். சில நொடி வேலை, பயப்பட ஒன்றுமில்லை. நாள்பட்ட வலி என்றால் சுரப்பியை அழுத்திவிடுவதற்கு முன்பும் பின்பும் யூரின் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. கடும் காய்ச்சல் இருக்கும்போது இப்படி அழுத்தக் கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

கிருமிதான் காரணம் என்றால் ஆன்டிபயாடிக். திடீர் அழற்சிக்கு 2 முதல் 4 வாரம், நாள்பட்டதற்கு 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். நாலு நாளில் எரிச்சல் குறைஞ்சிடுச்சுன்னு நிறுத்தினால் திரும்ப வரும். காய்ச்சல், நடுக்கத்தோடு யூரினும் வரவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கிருமி இல்லாத வகைக்கு ஒரே மாத்திரை என்று எதுவும் கிடையாது. வலி நிவாரணி, யூரின் எளிதாகப் போக டாம்சுலோசின் போன்ற மருந்து, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி என்று ஆளுக்கு ஏற்ப மாறும். குணமாக மாதங்கள் ஆகலாம்.

இன்னொன்று, அழற்சி இருக்கும்போது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து உடனே கேன்சர் என்று பதற வேண்டாம். அழற்சி அடங்கி, சில வாரம் கழித்து டாக்டர் மறுபடி எடுத்துப் பார்ப்பார்.