பெற்றோர் பிரிவும் பிள்ளைப் பொறுப்பும்: அன்னி பெசன்டின் இரு வழக்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில் கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற கேள்விக்கே பெரும்பாலும் இடமிருக்கவில்லை. மண உறவில் பிறந்த குழந்தை தந்தைக்கே உரியது என்று பொதுச்சட்டம், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டமரபு, கருதியதால், அவர் கைக்குழந்தையைக்கூடத் தாயிடமிருந்து எடுத்துச் செல்ல முடிந்தது. 1836 இல் கணவரைப் பிரிந்து மூன்று மகன்களையும் அவரிடம் பறிகொடுத்த எழுத்தாளர் கரோலைன் நார்ட்டன், துண்டு வெளியீடுகள் எழுதிப் போராடியதன் பயனாக 1839 இல் குழந்தைப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கவும், மூத்த பிள்ளைகளைச் சந்திக்கவும் தாய் மனுச் செய்ய அச்சட்டம் வழிசெய்தது. ஆனால் கூடாவொழுக்கக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு அவ்வழி அடைக்கப்பட்டது. பிள்ளை பற்றிய வழக்கு பெற்றோரின் நடத்தை பற்றிய விசாரணையாக மாறும் போக்கு இந்நிபந்தனையிலேயே தெரிகிறது.

இப்போக்கின் கடுமையை அன்னி பெசன்டின் வாழ்க்கை காட்டுகிறது. ஆங்கிலிக்கப் பாதிரியாரான கணவர் பிராங்க் பெசன்டை 1873 இல் அவர் பிரிந்தபோது, மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் வளர்வதென இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆனால் அன்னி வெளிப்படையான நாத்திகரானார். 1877 இல் சக நாத்திகரான சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டு வழக்கையும் சந்தித்தார். இவ்விரண்டையும் காரணங்காட்டிக் கணவர் தொடுத்த வழக்கில், நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் 1878 இல் மகளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். தாய் மகளை அன்பின்றி நடத்தினார் என்பதன்று தீர்ப்பின் அடிப்படை. அவருடைய கொள்கைகளும் அவற்றால் வந்த அவப்பெயருமே மகளின் எதிர்காலத்துக்குக் கேடு எனக் கொள்ளப்பட்டன. பின்னர்ச் சந்திப்புரிமை கிடைத்தும், பெற்றோரிடையே பிள்ளைகள் அலைக்கழிக்கப்படுவதைத் தவிர்க்க, அவர்கள் வளர்ந்து தாமே முடிவு செய்யும் வரை விலகியிருக்க அன்னி தீர்மானித்தார். வளர்ந்தபின் இருவரும் தாயிடம் வந்து சேர்ந்தனர்.

பின்னாளில் சென்னையில் நடந்த வழக்கில் அன்னி, பிள்ளைகளைக் கேட்கும் தந்தைக்கு எதிராக, பெற்றோரல்லாத பாதுகாவலராக நின்றார். அன்னி தலைமை வகித்த அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜி. நாராயணய்யா, தம் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகியோரின் பாதுகாவலராக அன்னியை 1910 இல் ஒப்பந்தத்தின் மூலம் அமர்த்தி, பின்பு அவர்களைத் திரும்பக் கேட்டு 1912 இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1913 இல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. இலண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலோ, தந்தை தம் பொறுப்பை நிலையாகப் பிறருக்குக் கைமாற்ற முடியாது என்று ஏற்றபோதிலும், சிறுவர்கள் இங்கிலாந்தில் இருந்தமையாலும் அவர்களுடைய நலனும் விருப்பமும் ஆராயப்படாமையாலும் 1914 இல் அத்தீர்ப்பை நீக்கியது. இது மணமுறிவு வழக்கன்று. எனினும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற வகையில் 1878 ஆம் ஆண்டின் தீர்ப்பைவிட இது முன்னேற்றமே.

பிள்ளையின் நலனே முதன்மையானது என்பதை இங்கிலாந்து 1925 இலும், இந்து இளவர் தொடர்பாக இந்தியா 1956 இலும் சட்டமாக்கின. ஆயினும் அதே 1956 ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையையே முதல் இயற்கைப் பாதுகாவலராக வைத்து, ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கலாம் என்ற அளவில் நின்றது; பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யுமாறு இந்தியச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது 2015 இல்தான்.