விருப்பப் பட்டியலில் ஒளிந்து வந்த வேகம்

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் கார்ப் பிரிவுகளுக்கு ஒரு தடை போட்டது: இனி யாரும் பந்தயத்தின் பக்கம் போகக் கூடாது. பந்தய வெற்றிகளைச் சொல்லியே கார் விற்றுவந்த போன்டியாக் பிரிவுக்கு இது பேரிடி. களம் கைவிட்டுப் போனது, தெரு மிச்சமிருந்தது.

அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். 1964-ஆம் ஆண்டுக்கான டெம்பெஸ்ட் கார் உருவாகிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை பார்த்த பில் காலின்ஸ் ஒரு விஷயத்தைச் சொன்னார். டெம்பெஸ்டுக்கு என்று வைத்திருந்த 326 கன அங்குல வி8 எஞ்சினும், பெரிய போன்டியாக் கார்களில் ஓடிய 389-உம் வெளி அளவில் ஒன்றுதான்; உட்காரும் தாங்கிகளும் அதேதான். எதையும் வெட்டாமல், ஒட்டாமல் ஒன்றின் இடத்தில் மற்றதை இறக்கிவிடலாம்!

குறுக்கே நின்றது ஒரு விதி. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது. புது மாடல் என்றால் தலைமையின் ஒப்புதல் வேண்டும். கூடுதல் வசதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே 389 எஞ்சின் ஏற்றிய டெம்பெஸ்டான ஜிடிஓ தனிக் காராகப் பிறக்கவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் வாங்குபவர் சுமார் 295 டாலர் கூடக் கொடுத்தால் கிடைக்கும் வசதியாக, விருப்பப் பட்டியலில் ஒரு வரியாக வந்தது. விற்பனைத் தலைவர் ஃபிராங்க் பிரிட்ஜ் 5,000 கார்களுக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு விற்றதோ 32,450.

அடிப்படை டெம்பெஸ்டில் ஆறு சிலிண்டர், 140 குதிரைத்திறன். ஜிடிஓவில் 325, மூன்று கார்புரேட்டர் வைத்ததில் 348. விறைப்பான ஸ்பிரிங், இரட்டைப் புகைக்குழாய், தரையிலிருந்து எழும் ஹர்ஸ்ட் கியர் கம்பி, சிவப்புக் கோடு போட்ட டயர் எல்லாம் உண்டு. பானட்டில் இருந்த இரண்டு காற்றுத் துளைகள் மட்டும் வெறும் அலங்காரம். காற்று உள்ளே போகாது. அழகுக்கு வைத்ததென்று அதை விட்டுவிடலாம்.

பிரேக்கை அப்படி விட முடியாது. நான்கு சக்கரங்களிலும் சாதாரண டெம்பெஸ்டின் அதே 9.5 அங்குல டிரம். வேகத்தில் ஒருமுறை அழுத்தினால் கார் நிற்கும். அடுத்தடுத்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். திறனை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியவர்கள் முதலில் தொட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-இல்தான் வந்தது. அதுவும் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்.

(தொடரும்)