கால் கழுவிய ராஜாக்கள்

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ள எட்டிப் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். பீடத்துக்கு முன்னாடி வரிசையா பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பேர். சாமியார் மேல போட்டிருக்கிற பூசை உடுப்பைக் கழற்றி வச்சுட்டு, இடுப்புல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, ஒவ்வொருத்தர் காலா தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு, முத்தம் கொடுப்பார். (உட்கார்ந்திருக்கிறவங்க மதியமே வீட்ல சோப்புப் போட்டு ரெண்டு தடவை காலைத் தேய்ச்சுட்டுத்தான் வருவாங்க. ஃபாதர் முத்தம் கொடுக்கப் போற கால் ஆச்சே!)

இந்தச் சடங்கோட சரித்திரத்தை ரொம்ப நாளா அங்கங்க படிச்சுச் சேர்த்து வச்சிருந்தேன். கத்தோலிக்கர் 'தாழ்ச்சி'ம்பாங்க, மத்த சபைக்காரங்க 'தாழ்மை'ம்பாங்க, ரெண்டு பேரும் அதைப் பத்தி மணிக்கணக்கா பிரசங்கம் பண்ணுவாங்க. அதையே தண்ணியும் துண்டுமா செஞ்சு காட்டின இடம் இது. அந்தச் செயல் கைமாறிக் கைமாறி என்ன ஆச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல மூலக்கதை. நாலு நற்செய்தியில யோவான் மட்டும்தான் இதைச் சொல்றார். கடைசி இராவுணவில் மத்த மூணு பேரும் அப்பத்தையும் ரசத்தையும் எழுதுற இடத்துல, யோவான் கால் கழுவினதை எழுதறார். அந்த ஊர்ல புழுதி ரோடு, வார்ச்செருப்பு. விருந்துக்கு வர்றவங்க காலைக் கழுவறது அடிமையோட வேலை. நம்ம ஊருக்கும் இது புரியாத விஷயமில்லை. திண்ணையில சொம்புத் தண்ணி வச்ச வழக்கமும் இருந்தது, பாத பூஜையும் இருக்கு. ஆனா பாத பூஜையில யார் காலை யார் கழுவறாங்க? சின்னவங்க பெரியவங்க காலை. சிஷ்யன் குருவோட காலை. இங்க குருவே குனிஞ்சுட்டார். பேதுரு பதறிப்போய் காலை உள்ளே இழுத்துக்கறார், என் காலை நீர் தொடவே கூடாதுங்கறார். இந்தப் பதட்டத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கழுவி முடிச்சதும் இயேசு சொல்ற விஷயத்துல ஒரு சின்ன வார்த்தை இருக்கு. ஏழைங்க காலைக் கழுவுங்கன்னு அவர் சொல்லலை. *ஒருத்தர் காலை ஒருத்தர்* கழுவுங்கன்னு சொன்னார். அதாவது கழுவறதும் உண்டு, நீட்டறதும் உண்டு. சரித்திரத்துல வழியிலயே தொலைஞ்சது இந்த 'ஒருத்தர் ஒருத்தர்'தான்னு எனக்குத் தோணுது.

ஆரம்பத்துல தொலையலை. திமொத்தேயுவுக்கு எழுதின முதல் கடிதத்துல, விதவைகள் பட்டியல்ல சேர்க்கிறதுக்கான தகுதிகள்ல ஒண்ணா, இறைமக்களோட காலைக் கழுவினவளாங்கிற கேள்வி வருது. 4-ஆம் நூற்றாண்டுல மிலான் ஆயர் அம்புரோஸ், புதுசா ஞானஸ்நானம் வாங்கினவங்களோட காலைக் கழுவினார். ரோமாபுரியில அந்த வழக்கம் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெனடிக்ட்தான் (நம்ம ஊர் கத்தோலிக்கருக்கு ஆசீர்வாதப்பர்). 6-ஆம் நூற்றாண்டுல தன்னோட மடத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுதினார். அதுல 35-ஆம் அதிகாரம் சமையலறை டியூட்டி. எல்லாரும் முறைவச்சு ஒருத்தருக்கொருத்தர் பரிமாறணும். நோயாளிகளுக்கும் முக்கியமான வேலையில இருக்கிறவங்களுக்கும் மட்டும்தான் விலக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாரம். சனிக்கிழமை வந்தா, டியூட்டி முடிக்கிறவர் எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும், கைகால் துடைச்ச துண்டுகளைத் துவைக்கணும், பாத்திரங்களை உடையாம நசுங்காம பண்டக சாலைக்காரர்கிட்ட ஒப்படைக்கணும், அவர் எண்ணிப் பார்த்து அடுத்த ஆள்கிட்ட கொடுக்கணும். அப்புறம் டியூட்டி முடிக்கிறவரும் ஆரம்பிக்கிறவரும் சேர்ந்து எல்லார் காலையும் கழுவணும். எங்க ஆபீஸ்ல வாராவாரம் ஆன்-கால் மாத்தறப்போ போடற ஹேண்டோவர் செக்லிஸ்ட் இந்த அளவுக்குக் கச்சிதமா இருந்ததில்லை :-) இதுல நாடகமே இல்லைங்கிறதைக் கவனிங்க. இந்த வாரம் நான் உன் காலைக் கழுவறேன், உன் முறை வர்றப்போ நீ என் காலைக் கழுவு. பாத்திரம் தேய்க்கிற வேலையோட சேர்ந்த இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

694-ல ஸ்பெயின்ல தொலேதோவுல கூடின சங்கம், பெரிய வியாழன் அன்னைக்கு ஆயர்களும் குருக்களும் தங்களுக்குக் கீழே இருக்கிறவங்க காலைக் கழுவணும்னு கட்டளை போட்டது. 'கீழே இருக்கிறவங்க'. நல்ல எண்ணம்தான். ஆனா மேலே யாரு, கீழே யாருன்னு கோடு போட்டாச்சு.

அடுத்தது ராஜாக்கள்.

இங்கிலாந்துல இந்த நாளுக்கு 'மாண்டி' வியாழன்னு பேரு. கட்டளைக்கு லத்தீன்ல 'மந்தாத்தும்', அதிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்க. 1210-ல ஜான் மன்னர் நாரஸ்பரோங்கிற ஊர்ல ஏழைகளுக்குத் தானம் கொடுத்ததா பதிவு இருக்கு. 1213-ல ராச்செஸ்டர்ல பதிமூணு ஏழைகளுக்கு ஆளுக்குப் பதிமூணு பென்ஸ். (1210-ல இந்த ஜானைப் போப்பாண்டவர் திருச்சபையை விட்டே விலக்கி வச்சிருந்தார். அது தனிக்கதை.) நாலாம் ஹென்றி காலத்துல இன்னொரு வழக்கம் சேர்ந்தது: ராஜாவுக்கு எத்தனை வயசோ அத்தனை ஏழைகள். அதுக்கப்புறம் நாற்காலி எண்ணிக்கையில பன்னிரண்டு சீடர்களைக் காணோம், ராஜாவோட பிறந்த நாள்தான் தெரியுது.

இதுல என்னைத் தூங்கவிடாம பண்ணினது 1556. அப்போ ராணி முதலாம் மேரி. தீவிர கத்தோலிக்கர். அந்த வருஷம் பெரிய வியாழன் ஏப்ரல் 2-ஆம் தேதி. நாற்பது முடிஞ்சு நாற்பத்தொண்ணு நடந்துக்கிட்டிருந்ததால 41 ஏழைப் பெண்கள். அங்க இருந்த ஒரு இத்தாலியர் ஊருக்கு எழுதின கடிதம் நமக்குக் கிடைச்சிருக்கு. ராணி அந்தப் பெரிய மண்டபத்தோட ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் முழங்கால்லயே போய், ஒவ்வொருத்தி காலையும் கழுவித் துடைச்சு, மனசார முத்தம் கொடுத்தாங்கன்னு எழுதறார். கடைசியில தன்னோட அங்கியையே ஒரு ஏழைக் கிழவிக்குக் கொடுத்துட்டாங்களாம்.

அதுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடி, மார்ச் 21-ஆம் தேதி, அதே ராணியோட ஆட்சியில ஆக்ஸ்ஃபோர்ட்ல தாமஸ் கிரான்மரை உயிரோட எரிச்சாங்க. காண்டர்பரி பேராயரா இருந்தவர். மேரியோட ஆட்சியில விசுவாச மாறுபாட்டுக்காக எரிக்கப்பட்டவங்க மொத்தம் கிட்டத்தட்ட 280 பேர்.

மேரி நடிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தைப் படிச்சா நடிப்பு மாதிரி இல்லை. முழங்கால் வலியும் நிஜம், முத்தமும் நிஜம். அதுதான் பயமா இருக்கு. குனியறவங்க நல்லவங்களாத்தான் இருக்கணும்னு நாம ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கோமே, அந்தக் கணக்குல இந்தப் பன்னிரண்டு நாளை எங்க வைக்கிறது? அந்த மண்டபத்துல ராணி காலை யாரும் கழுவலை. கழுவவும் முடியாது. எழுந்து நின்னதும் அவங்க மறுபடி ராணி, 41 பேரும் மறுபடி ஏழைங்க.

தங்கச்சி முதலாம் எலிசபெத் கதை கொஞ்சம் சிரிப்பு. 1573-ல கிரீன்விச் அரண்மனையில, வயசு 39, அதனால 39 பெண்கள். முதல்ல அரண்மனை சலவைக்காரங்க வெந்நீர்ல வாசனைப் பூப் போட்டு அந்தக் காலையெல்லாம் கழுவினாங்க. அப்புறம் தானாதிகாரிக்குத் துணையா இருக்கிறவர் கழுவினார். அப்புறம் தானாதிகாரியே கழுவினார். நாலாவது ரவுண்டுல ராணி! மூணு லெவல் டெஸ்டிங் முடிஞ்ச கால் :-)

கடைசியா தன் கையால கழுவின இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ். 1685-ல 52 ஆண்கள். மூணு வருஷத்துல நாட்டை விட்டே ஓடிட்டார். அதுக்கப்புறம் வந்த ராஜாக்கள் காலைத் தொடலை, 18-ஆம் நூற்றாண்டுல தண்ணியே நின்னுபோச்சு. மிச்சம் இருக்கிறது வெள்ளிக் காசு. 1932-ல ஐந்தாம் ஜார்ஜ் அதை மறுபடி நேர்ல வந்து கொடுக்க ஆரம்பிச்சார். இப்பவும் அந்த நாள்ல தானாதிகாரிங்க இடுப்புல வெள்ளைத் துண்டு கட்டி, கையில பூச்செண்டு பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. துண்டு இருக்கு, துடைக்க ஈரக்கால்தான் இல்லை. வியன்னாவுல, 1916-ல இறந்துபோன பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி பன்னிரண்டு ஏழைக் கிழவர்கள் காலைக் கழுவற வழக்கத்தை விடாம வச்சிருந்தார். அவரோட அந்த சாம்ராஜ்யம் 1918-ல முடிஞ்சுபோச்சு.

இப்போ ராஜாவே வேண்டாம்னு சொன்ன ஒரு கூட்டத்துக்குப் போவோம். 1708-ல ஜெர்மனியில ஷ்வார்ட்ஸெனாவ்ங்கிற கிராமத்துல, அலெக்சாண்டர் மாக்குங்கிற மாவு மில்காரரோட சேர்த்து எட்டு பேர் ஆத்துல இறங்கி ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு ஒரு சபை ஆரம்பிச்சாங்க. பேரே 'சகோதரர்கள்'. அப்புறம் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போயிட்டாங்க, முதல்ல பென்சில்வேனியா. இவங்களோட 'அன்பு விருந்து'ல முதல் வேலை கால் கழுவறது. ஆண்கள் தனி, பெண்கள் தனி. பக்கத்துல இருக்கிறவர் என் காலைக் கழுவித் துடைப்பார், எழுந்து கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுப்பார். உடனே அந்தத் துண்டை நான் வாங்கிக் கட்டிக்கிட்டு அடுத்தவர் காலைக் கழுவணும். வரிசை முழுக்க இப்படியே போகும். பார்வையாளர்னு யாரும் இல்லை, பட்டியலும் இல்லை. கழுவின எல்லாரும் கழுவப்பட்டவங்க. (செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையிலயும் திருவிருந்துக்கு முன்னாடி இப்படி ஜோடி ஜோடியா கழுவறாங்க. நம்ம ஊர்லயும் பார்க்கலாம்.)

இவங்க மட்டும் தேவதூதர்களான்னு கேட்டா, அதுவும் இல்லை. கழுவறவரே துடைக்கணுமா, இல்லை ஒருத்தர் கழுவி இன்னொருத்தர் துடைக்கணுமான்னு 19-ஆம் நூற்றாண்டு முழுக்க சண்டை போட்டாங்க. 1880-கள்ல சபை மூணா உடைஞ்சதுக்கு இருந்த பல காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. தாழ்மையை எப்படிச் செய்யறதுங்கிறதுல விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரலை!

கத்தோலிக்கப் பக்கம், 1955-ல போப் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளை மாத்தினப்போ, கால் கழுவறது சாயங்காலப் பூசைக்குள்ளேயே வந்தது, சாதாரணப் பங்குக் கோயில்களுக்கும் வந்தது. ஆனா விதியில 'ஆண்கள்'னு இருந்தது. யார் அந்தப் பன்னிரண்டு ஆண்கள்ங்கிறது அந்தந்த ஊரோட தலைவலி.

அந்தத் தலைவலியை நான் கிட்டத்துல இருந்து பார்த்திருக்கேன். சின்ன வயசுல நான் பீடச் சிறுவன், தண்ணிக் கூஜா பிடிக்கிற உத்தியோகம். ஊர் பேர் வேண்டாம். குருத்து ஞாயிறு அன்னைக்கு உபதேசியார் பன்னிரண்டு பேர் வாசிப்பார். வருஷாவருஷம் அதே ரெண்டு மூணு தெரு. குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுல நூறு குடும்பத்துக்கு மேல இருந்தாங்க, ஒரு பேர் வராது. ஒரு வருஷம் புதுசா வந்த சாமியார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். அஞ்சு பேர் குளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாங்க. வியாழக்கிழமை பார்த்தா ரெண்டு நாற்காலி காலி. ரெண்டும் இந்தப் பக்கத்துப் பெரியவங்களோடது. அவங்களுக்கு யார் காலையும் கழுவற வேலை கூடக் கிடையாது, பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான். சாமியார் பத்துப் பேர் காலைக் கழுவினார். காலி நாற்காலி வந்தப்போ ஒரு நிமிஷம் முழங்கால்லயே இருந்துட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். நான் கூஜாவை வச்சுக்கிட்டு முழிச்சேன். அடுத்த வருஷம் வேற சாமியார், பழைய பட்டியல்.

பேதுருவோட பதட்டம் ஞாபகம் இருக்கா? அந்த ரெண்டு பெரியவங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சாங்க, காலை உள்ளே இழுத்துக்கிட்டாங்க. பேதுரு இழுத்தது, குரு நமக்குக் கீழே வரக்கூடாதுன்னு. இவங்க இழுத்தது, இன்னொருத்தர் நமக்குச் சமமா வரக்கூடாதுன்னு. நாற்காலியில சும்மா உட்கார்றதுக்குக்கூட இவ்வளவு தாழ்ச்சி வேணும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது.

2013 மார்ச் 28. போப் ஆகி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்த பிரான்சிஸ், ரோம்ல காஸால் தெல் மார்மோங்கிற சிறார் சிறைக்குப் போய் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். அதுல ரெண்டு பேர் பெண்கள், ஒரு பெண் முஸ்லிம். 'ஆண்கள்'ங்கிற விதி அப்போ அப்படியேதான் இருந்தது! போப்பே மீறிட்டார்னு ஒரு பக்கம் கூச்சல். 2016 ஜனவரியில விதியையே மாத்தி, இறைமக்கள்ல யாரை வேணும்னாலும் தேர்ந்தெடுக்கலாம்னு ஆணை வந்தது. அந்த வருஷம் அவர் போனது அகதிகள் முகாமுக்கு. 2019 ஏப்ரல்ல, உள்நாட்டுப் போர்ல ஒருத்தரையொருத்தர் அழிச்சுக்கிட்டிருந்த தெற்கு சூடான் தலைவர்களை வத்திகானுக்குக் கூப்பிட்டு, 82 வயசுல தரையில விழுந்து அவங்க ஷூவுக்கு முத்தம் கொடுத்தார். அந்த வீடியோவுல போப்பை விட எனக்கு முக்கியமாத் தெரிஞ்சது அந்தத் தலைவர்களோட முகம். காலை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாத முகம்.

2025 ஏப்ரல் 17, பெரிய வியாழன். இங்கிலாந்து ராஜா மூணாம் சார்லஸ் டர்ஹாம் பேராலயத்துல 76 ஆண்களுக்கும் 76 பெண்களுக்கும் காசுப் பை கொடுத்தார், அவர் வயசு 76. அதே நாள் பிரான்சிஸ் ரோம்ல ரெஜினா சேலி சிறைக்கு சக்கர நாற்காலியில போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகலை. வருஷாவருஷம் இந்த நாள்ல கால் கழுவுவேன், இந்த வருஷம் என்னால முடியலை, ஆனா உங்க பக்கத்துல இருக்க முடியும்னு கைதிகள்கிட்ட சொன்னார். அரை மணி நேரம் இருந்துட்டுத் திரும்பினார். நாலு நாள் கழிச்சு, திங்கட்கிழமை காலையில, இறந்துபோனார்.