சவுக்கும் மூவாயிரம் காசும்

போன கிழமை இரவு கடை பூட்டிய பிறகு, கோப்பை கழுவும் பொடியன் பின்வாசல் படியில் இருந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். லம்பிரிட்ஜ் கோட்டை. பக்கத்தில் ஆறு, பாலம், அங்கால் மாட்டுப் பட்டி. எனக்குத் திக்கென்றது.

"அண்ணை, இது பழைய கேம். உங்களுக்கு விளங்காது" என்றான்.

அவன் பிறந்தது 2004இல். அந்தக் கோட்டை முற்றத்தில் நான் முதன்முதலாக நின்றபோது அவனுக்கு மூன்று வயது. ஒன்றும் சொல்லாமல் அடுப்புத் துடைக்கப் போய்விட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நாற்பது தாண்டினவனுக்கு இது தேவையோ என்று நினைக்கிறவர்கள் அடுத்த முறை வாருங்கள், வழக்கம்போல விசாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கதைப்போம்.

விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். 2001 ஜனவரி 4ஆம் திகதி வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் கணினி படித்துக்கொண்டிருந்த அன்ட்றூ கௌவர் என்ற பொடியன் எழுதியது, தம்பி போல் கௌவரும் கூட. தொடங்கிய காலத்தில் நொட்டிங்ஹாமில் தாய் தகப்பன் வீட்டில் இருந்துதான் நடந்தது. அதே வருசக் கடைசியில் கம்பனியாகப் பதிந்தார்கள். 2002 பெப்ரவரியில் மாதம் ஐந்து டொலர் கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் இடங்களைத் திறந்துவிட்டார்கள். கட்டாதவர்களும் விளையாடலாம். 2004 மார்ச்சில் முழுதாகத் திருத்தி எழுதினார்கள். அந்தக் காலத்தில் இப்படியான மற்ற விளையாட்டுகளுக்குப் பெட்டியில் டிஸ்க் வாங்க வேண்டும், கொம்பியூட்டரும் பெலமானதாக இருக்க வேண்டும். இதற்கு ஒன்றும் தேவையில்லை. இன்ரர்நெற் பக்கத்தைத் திறந்தால் அதற்குள்ளேயே ஓடும். லைப்ரரிக் கொம்பியூட்டரிலும் ஓடும், பத்து வருசப் பழசிலும் ஓடும். எங்களைப் போன்றவர்கள் உள்ளே போக முடிந்தது அதனால்தான்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள். நான் அப்போது யாழ்ப்பாணம் கம்பஸில் இரண்டாம் வருசம். அந்த இரண்டாம் வருசம் இன்றுவரை முடியவில்லை. 2007 தொடக்கத்தில் லண்டன் வந்து சேர்ந்தேன். ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டில் ஏழு பேர், ஒரு கொம்பியூட்டர். கேஸ் போட்டாயிற்று, முடிவு வரவில்லை, வேலை செய்ய அனுமதியில்லை. அனுமதியில்லாமல் ஒரு குசினியில் சட்டி கழுவினேன். ஒரு மணிக்கு வீடு வந்தால் நித்திரை வராது. வீட்டுக்காரரின் மருமகன் ஒருநாள் காட்டித் தந்ததுதான் இந்த விளையாட்டு.

உள்ளே போகிற எல்லாருக்கும் ஒரே சாமான்: ஒரு வெண்கலக் கோடரி, ஒரு தீப்பெட்டி, ஒரு சின்ன வலை. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கல் உடைக்கலாம். நாற்பதாவது படி வந்தால் சிங்கறால் பிடிக்கலாம். கரம்ஜா என்று ஒரு தீவு. முப்பது காசு கொடுத்து வள்ளத்தில் போக வேண்டும். பகல் முழுக்கக் குசினியில் றால் உரித்த கையால் இரவில் இருந்து சிங்கறால் பிடித்தேன். பைத்தியம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் அந்தத் துறையில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஒருவன் பிரேசில், ஒருத்தி கனடா, ஒருவன் பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்து நிற்கிறவன். கதைத்துக்கொண்டே பிடிப்போம். லண்டனில் என்னோடு ஆங்கிலத்தில் கதைக்க வேறு ஆட்களில்லை. (அங்கே படித்த ஆங்கிலத்தில் லோயருக்கு ஒரு கடிதம் எழுதி, 'பிளீஸ்' என்பதை மூன்றெழுத்தில் முடித்தேன். அந்த அம்மா என்ன நினைத்தாவோ.)

சந்தையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. இரண்டாம் உலகம் என்ற சேர்வரில் ஃபலடோர் நகரம்தான் காசு கட்டுகிறவர்களின் சந்தை. விற்கிறவன் தன் சாமானின் பெயரை மஞ்சளிலும் சிவப்பிலும் ரைப் பண்ணிக் கத்துவான். வாங்குகிறவன் பேரம் பேசுவான். திருநெல்வேலிச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நிற்பது போலத்தான், நாற்றமும் வெயிலும் இல்லை. கள்ளரும் உண்டு. 'உன் கவசத்துக்குத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், ஒருக்காத் தா' என்று ஒருவன் கேட்க, மூன்று கிழமை உழைத்து வாங்கின கவசத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அப்படிக் கரை போடுகிற தொழிலே அந்த விளையாட்டில் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் ஒல்லாந்துக்காரன் பழக்கமானான். கதபி என்ற ஊர்க் கடற்கரையில் மீன் பிடிக்கும்போது பிடிபட்ட சிநேகம். எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையை உன்னுடைய ஆட்கள்தான் திருத்திக் கட்டினவை என்று சொன்னேன், அவன் மன்னிப்புக் கேட்டான்! 2007 ஒக்ரோபரில் எனக்குத் தாக்குதல் எழுபதாம் படி வந்தது. எழுபது வந்தால் பிடிக்கக்கூடிய ஒரு சவுக்கு இருக்கிறது. அப்போது மில்லியன் கணக்கில் விலை. என்னிடம் கால்வாசிக் காசும் இல்லை. அவன் தன்னுடையதைத் தந்தான். "எண்பது வரும்வரை வைத்திரு" என்றான். கவசம் கொடுத்து ஏமாந்தவனிடம் ஒருவன் எழுத்து, ஈடு, சாட்சி ஒன்றுமில்லாமல் தன்னிடம் உள்ளதில் பெறுமதியானதைத் தருகிறான். அந்த வருசம் எனக்கு நடந்த நல்ல காரியங்களை எண்ண ஒரு கை போதும், அதில் இது ஒன்று.

நிற்க. கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டுக் காசை நிசக் காசுக்கு விற்கிற வியாபாரம் அப்போது பெருத்திருந்தது. சீனாவில் அறைகளில் ஆட்களை இருத்தி இரவு பகலாக மரம் வெட்டுவித்தார்கள். அவர்களை வைத்திருந்த முதலாளிகள் களவெடுத்த கிறெடிட் கார்ட்டில் மாதக் காசு கட்டினார்கள். கார்ட்டுக்குச் சொந்தக்காரர் காசைத் திருப்பிக் கேட்க, இப்படியே போனால் கார்ட்டில் காசு வாங்கும் வசதியே இல்லாமல் போகும் என்ற நிலை வந்தது. கம்பனி சொன்ன காரணம் இதுதான், பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2007 நவம்பர் 26ஆம் திகதி ஒரு பெரிய பரிமாற்றக் கட்டடம் திறந்தார்கள். சாமானைப் போட்டால் அது தானே ஆளைத் தேடி விற்கும். கத்தத் தேவையில்லை, ஆளின் பெயரும் தெரியாது. ஃபலடோர்ச் சந்தை கொஞ்ச நாளில் வெறிச்சோடியது. டிசம்பர் 10ஆம் திகதி, வடக்கே ஆளோடு ஆள் சண்டை பிடிக்கும் காட்டை முடக்கினார்கள். ஆட்கள் கூட்டமாக நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்ததாகக் கைமாற்றும் முறையும் மாறப் போகிறது என்ற கதை அடிபட்டது.

"வருசம் பிறக்க முதல் சவுக்கைத் தந்துவிடு" என்று ஒல்லாந்துக்காரன் எழுதினான். நாளைக்கு என்றேன். றெஸ்ரோரன்ட் வேலை தெரிந்தவர்களுக்கு டிசம்பர் என்றால் என்னவென்று தெரியும். ஒருநாள் லீவில்லாமல் இரட்டை வேலை. வந்து விழுந்தால் விடியும். நாளைக்கு, நாளைக்கு என்றே வருசம் பிறந்துவிட்டது. பிழை என்னுடையது. அதை யாரிலும் போடவில்லை.

2008 ஜனவரி 2ஆம் திகதி. அன்றைக்கு வேலை குறைவு, நேரத்தோடு வந்தேன். வீட்டில் ஏழு பேரும் கொம்பியூட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். சமாதான ஒப்பந்தத்தில் இருந்து விலகுவதாக அரசாங்கம் முடிவெடுத்த செய்தி. (பதினாறாம் திகதியோடு அது சட்டப்படியும் முடிந்தது.) எல்லாரும் ஃபோன் கார்ட்டைச் சுரண்டிக்கொண்டு வீட்டுக்கு எடுக்கப் பார்க்கிறார்கள், லைன் கிடைக்கவில்லை. நானும் அம்மாவுக்கு எடுத்துப் பார்த்தேன். ஆனால் உள்ளுக்குள் நான் பார்த்துக்கொண்டு நின்றது கொம்பியூட்டர் எப்போது காலியாகும் என்று. இதை எழுத இப்பவும் கூச்சமாக இருக்கிறது, என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்கு இடம் கிடைத்தது. அவன் நின்றான். கைமாற்றும் பெட்டியைத் திறந்து சவுக்கை வைத்தேன். முடியாது என்று வந்தது. புதுச் சட்டம்: இரண்டு பக்கத்துச் சாமானும் ஏறக்குறைய ஒரே விலையாக இருக்க வேண்டும். வித்தியாசம் மூவாயிரம் காசில் தொடங்கும், எத்தனை சாகசம் முடித்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மில்லியன் சவுக்குக்கு அது எந்த மூலைக்கு? நிலத்தில் போட்டேன், அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. முழுக் காசையும் கொடுத்து வாங்கலாம், அவனிடம் அந்த நேரம் அவ்வளவு காசில்லை. இருந்து வாங்கினாலும் அந்தக் காசை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. கள்ளன் இனாமாகக் காசு கொடுக்கக் கூடாது என்று போட்ட சட்டம், கடன் திருப்பிக் கொடுக்கிறவனையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அவன் "பரவாயில்லை" என்று எழுதினான். அதற்கு மேல் இரண்டு பேரும் எழுதவில்லை.

2008 ஜூலையில் இரவல் கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அதாவது, அவனுடைய சவுக்கை நான் அவனுக்குக் கொஞ்ச நேரத்துக்கு இரவல் கொடுக்கலாம், நேரம் முடிய என்னிடமே திரும்பி வந்துவிடும். சிரிப்பதா அழுவதா? அதற்கிடையில் அவன் வருவதே நின்றிருந்தது. சிநேகிதர் பட்டியலில் நிற்பவர் பச்சை, இல்லாதவர் சிவப்பு. அவன் பெயர் சிவப்பாகவே கிடந்தது. 2009 முழுக்க நான் உள்ளே போகவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2010 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2011 ஜனவரி வரை கம்பனி வாக்கெடுப்பு வைத்தது, பழையபடி காட்டையும் கைமாற்றையும் விடுவதா என்று. பன்னிரண்டு இலட்சம் வாக்கு, 91 வீதம் ஆம். பெப்ரவரி 1ஆம் திகதி எல்லாம் திரும்பி வந்தது. நான் வாழ்க்கையில் போட்ட முதல் வோட்டு இதுதான். 2004இல் இடாப்பில் என் பெயர் இல்லை, 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. அந்த இரண்டிலும் நானில்லை. சவுக்கைத் தூக்கிக்கொண்டு கதபிக் கடற்கரைக்குப் போனேன். பெயர் சிவப்பு.

எனக்குக் கம்பனியில் கோபம் வந்தது 2008இல் இல்லை, 2012இல். அந்த வருசம் ஒரு சக்கரம் கொண்டுவந்தார்கள். சுற்றினால் பரிசு விழும். கொஞ்ச நாளில் அந்தச் சுற்றை நிசக் காசுக்கு விற்றார்கள். நிசக் காசு உள்ளே வரக் கூடாது என்றுதானே சந்தையைக் குழப்பி, காட்டை அடைத்து, எங்கள் கையைக் கட்டினீர்கள்? வெளியாள் விற்றால் குற்றம், கடைக்காரர் விற்றால் வியாபாரமோ? நவம்பரில் சண்டை முறையையும் தலைகீழாக மாற்றினார்கள். பொத்தான் பொத்தானாக அமத்த வேண்டும். ஆட்கள் கூட்டமாகப் போனார்கள், நானும் போனேன்.

பிறகு, 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த பிரதி ஒன்று அவர்களிடம் இருப்பது தெரியவந்தது. அதைத் திறப்பதா என்று 2013 பெப்ரவரியில் இன்னொரு வாக்கெடுப்பு. ஏறக்குறைய நாலரை இலட்சம் பேர் போட்டோம். பெப்ரவரி 22ஆம் திகதி திறந்தது. அதே கோட்டை, அதே பாலம், அதே பாட்டு. ஆனால் எல்லாரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கோடரி, தீப்பெட்டி, வலை. பழைய ஆளும் இல்லை, பழைய பட்டியலும் இல்லை. ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கதபியில் போய் நின்றேன். இருபது பேர் மீன் பிடிக்கிறார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. "எங்கேயிருந்து விளையாடுகிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மணித்தியாலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை யாரோ எழுதிவைக்க, அதைப் பார்த்து அமத்திவிட்டு வேறெங்கோ படம் பார்க்கிறார்கள். 2015 பெப்ரவரியில் அந்தப் பரிமாற்றக் கட்டடமும் இங்கே வந்தது. கம்பனி திணிக்கவில்லை, விளையாடுகிறவர்களே வாக்குப் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஆகவே கம்பனியை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்.

இன்னும் ஒன்று. 2017 அளவில் வெனிசுவேலாவில் காசு கடதாசியானபோது, அங்குள்ள ஆட்கள் இந்த விளையாட்டில் பச்சை டிராகன் கொன்று, கிடைத்த காசை டொலருக்கு விற்றுச் சாப்பிட்டார்கள். விதிப்படி அது தடை. ஆனால் அவர்களைத் தேடிப் போய் எப்படிக் கொல்லலாம் என்று ஒருவர் கைந்நூல் மாதிரி எழுத, பலர் ரசித்துச் சிரித்தார்கள். அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அனுமதியில்லாமல் சட்டி கழுவினவன் நான். அந்த டிராகன் காட்டில் நிற்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும். 2007இல் சீனாக்காரரைத் திட்டினவர்களோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன், அதுவும் ஞாபகம் வந்தது.

கம்பனி இப்போது கைமாறிக் கைமாறிப் போகிறது. 2016இல் சீனக் கம்பனி ஒன்றுக்கு, 2021இல் அமெரிக்க முதலீட்டுக்காரருக்கு, 2024இல் இன்னொரு கூட்டத்துக்கு, ஏறக்குறைய 90 கோடி பவுண் என்று பத்திரிகையில் வந்தது. (அவர்கள் கைமாற்றுவதற்கு மூவாயிரம் காசு எல்லை இல்லை.) ஐந்து டொலர் பதினாலு டொலர் ஆகியிருக்கிறது. 2025 நவம்பரில், மற்ற ரூன்ஸ்கேப்பில் சக்கரத்துக்குப் பிறகு வந்த பரிசுப் பெட்டியை நீக்குவதா என்று கேட்டார்கள். ஒரு இலட்சம் வாக்கு வேண்டும் என்றார்கள், கிடைத்தது. பதின்மூன்று வருசம் கழித்து.

பழைய கணக்கு இன்னும் திறக்கிறது. வருசத்தில் ஒருக்கா, ஜனவரியில், போய்ப் பார்ப்பேன். வங்கிப் பெட்டியில் சவுக்கு இருக்கிறது. இன்றைக்கு அதன் விலை ஒன்றுமில்லை. அவன் வரவில்லை.

நேற்று இரவும் பொடியன் படியில் இருந்தான். நான் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வர, நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணை, இதிலை ஒருத்தன் என்ரை கவசத்துக்குத் தங்கக் கரை போட்டுத் தாறனாம். குடுக்கட்டோ?"

"குடாதை" என்றேன்.