ராயப்பேட்டை வீடுகளும் ரொட்டிக்கடை அடுப்பும்

எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள் பாகத்தை மட்டும் மெல்லச் சீவிச் சாராயத்தில் ஊற வைத்து, நிறமும் வாசனையும் அதில் இறங்கிய பின் வடிகட்டிச் சர்க்கரைப் பாகு சேர்த்து, இத்தாலியின் தென்கரையிலுள்ள சொரெண்டோ, அமால்பி, காப்ரி முதலிய ஊர்களில் தயாரிக்கும் மதுவுக்கு லிமோன்செல்லோ என்று பெயர். அந்த மதுவைச் சேர்த்துச் செய்யும் பிஸ்கட்டை, மின்சார அவன் ஒன்று இருந்தால், இன்று சென்னை ராயப்பேட்டையில் எந்த வீட்டிலும் ஒரு பிற்பகலில் சுட்டு எடுத்துவிடலாம். பண்டம் அந்நியமானது, ஆயினும் கோதுமை மாவும் முட்டையும் சர்க்கரையும் மதுவின் பரிமளமும் ஒன்றுகூடி அடுப்பேறும் சம்பிரதாயம் இந்தப் பேட்டைக்குப் புதியதன்று. சமையற்கட்டின் சரித்திரம் ஏட்டில் ஏறுவது அரிதாகையால், அதைச் சற்று விஸ்தாரமாகவே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சென்னையில் மாவுக்கும் மதுவுக்கும் முதலில் ஏற்பட்ட சம்பந்தம் வாசனையை உத்தேசித்ததன்று; மாவு உப்ப வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. ஈஸ்ட் எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில் ரொட்டி சுடுகிறவர்கள் கள்ளை ஊற்றி மாவைப் பிசைந்து புளிக்க வைத்தார்கள். மாவு உப்பியது உண்மையே, ஆனால் கள்ளின் புளிப்பும் ரொட்டியில் தங்கிவிட்டது. சென்னைப் பட்டாளத்து அதிகாரியாக இருந்து, 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சமையலைப் பற்றி எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸார் 1878இல் வெளியிட்ட தம்முடைய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூலில், பேக்கிங் பவுடரைக் கொண்டு வீட்டிலேயே ரொட்டி சுட்டுக்கொள்ளும்படி துரைசானிகளுக்கு யோசனை கூறினார். அந்த நூல் முழுவதிலும் சமையற்காரனுக்கு 'ராமசாமி' என்ற ஒரே பெயர்தான். துரைசானி படித்தாள்; மாவில் கை வைத்தவன் ராமசாமி. ஐரோப்பியச் சமையல் இவ்வூருக்குள் இறங்கிவந்த வழி அவனுடைய கைகளே என்பது என் அபிப்பிராயம். அவனுடைய சொந்தப் பெயரை அந்த நூல் நமக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

ராயப்பேட்டைக்கு அருகே செல்லும் மவுண்ட் ரோடுதான் அந்நாளில் ஐரோப்பியப் பதார்த்தங்களின் சந்தை. 1860களில் தொடங்கிய ஸ்பென்ஸர் கம்பெனி சீமைச் சரக்குகளை இறக்குமதி செய்து விற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்து மிட்டாய் வியாபாரத்திலும் விருந்து தயாரிப்பதிலும் பெயரெடுத்த ஜாக்கொமோ தாஞ்சலிஸ், அதே சாலையில் தம் பெயரால் ஓர் ஓட்டலையும் நடத்தினார். 1910ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், சிம்ப்சன் கம்பெனியார் செய்து கொடுத்த ஆகாய விமானத்தில் ஏறி இந்நகர ஜனங்களுக்குப் பறந்து காட்டியவரும் இவரேதான். சென்னையின் விமானச் சரித்திரம் ஒரு மிட்டாய்க்காரரிடம் தொடங்குவது எத்தனை பேருக்குத் தெரியும்! அவருக்குப் பிறகு அந்த ஸ்தலம் பொசோட்டோ என்ற இத்தாலியர் வசமாயிற்று. ஆகவே, இத்தாலியரின் கைப்பக்குவம் ராயப்பேட்டைவாசிகள் நடந்துபோய் வாங்கும் தூரத்திலேயே இருந்தது.

வாங்குவது வேறு, வீட்டில் செய்வது வேறு. அமீர் மகாலில் 1876 முதல் ஆர்க்காட்டு இளவரசர் வாசம் செய்ததும், 1938இல் கிருஷ்ண ராவ் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியதும் இதே பேட்டையில்தான். பிரியாணிக்கும் இட்லிக்கும் ராயப்பேட்டையில் ஸ்தானம் இருந்தது போலவே கேக்குக்கும் இருந்தது. 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் ராயப்பேட்டையைத் தம் ஊழியத்துக்கு இடமாகக் கொண்டதனால், மெதடிஸ்ட் சபையை நிறுவிய வெஸ்லியின் பெயரால் கோயிலும் பள்ளியும் அங்கே வளர்ந்தன. அவற்றைச் சூழத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடியிருந்தார்கள். ஆங்கிலோ இந்தியரின் பெரிய குடியிருப்புகள் வேப்பேரி, பெரம்பூர், பரங்கிமலைப் பக்கம் இருந்தாலும், இங்கும் அவர்களுடைய வீடுகள் உண்டு. கிறிஸ்மஸ் நெருங்கும் வாரங்களில் இந்த வீடுகளில் அச்சுமுறுக்கும் கல்கலும் எண்ணெயில் வெந்தன. அவற்றுக்கு ஓர் இருப்புச் சட்டி போதும். கேக்குக்கோ நான்கு பக்கமும் சமமாகச் சூடு வேண்டும். கரியும் விறகும் எரிந்த அக்காலத்து அடுப்பில் அது எளிதன்று.

மணல் பரப்பிய அண்டாவினுள் தட்டை வைத்து மூடி, மேல்மூடியிலும் தணலைப் பரப்பிச் சுட்டவர்கள் உண்டு. பெரும்பாலோர் கைக்கொண்ட மார்க்கம் வேறு. கலவையை வீட்டில் தயாரித்து, சுடுவதற்கு மட்டும் ரொட்டிக்கடைக்கு எடுத்துப் போனார்கள். முந்திரியும் கிஸ்மிஸும் பூசணிப்பழ மிட்டாயும் பொடியாக நறுக்கி ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறியிருக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் பெரிய பீங்கான் சட்டியில் இட்டு, மரக்கரண்டியால் ஒரே திசையில், ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் வாங்கிக்கொண்டு, வெள்ளையாக நுரைக்கும்வரை அடிப்பார்கள். ரவையும் மாவும் முட்டையும் கருக்கிய சர்க்கரையும் சேர்ந்த பின் கலவையைத் தட்டுகளில் ஊற்றி, வீட்டுப் பெயர் எழுதிய காகிதத் துண்டை ஒட்டி, துணி மூடிப் பேக்கரிக்குக் கொண்டு சேர்ப்பார்கள்.

பேக்கரிக்காரரின் அடுப்போ செங்கல்லால் வளைத்துக் கட்டிய குகை. அதன் வயிற்றிலேயே விறகை எரித்து, தணலை வாரி எடுத்துவிட்டு, சுவரும் தளமும் குடித்த சூட்டிலேயே பண்டத்தை வேகவைக்க வேண்டும். முதற்சூடு ரொட்டிக்கு, ரொட்டி வெளிவந்து அடுப்பு தணியத் தொடங்கிய பிறகே கேக்குக்கு முறை. ஒரு பிடி மாவைத் தளத்தில் தூவி, அது சிவக்கிறதா, உடனே கருகுகிறதா என்று பார்த்து அந்தத் தருணத்தை நிதானிப்பது அவருடைய வித்தை. பிறகு நீண்ட மரத்துடுப்பினால் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். எந்த வீட்டுத் தட்டு எந்த மூலையில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ருசி வீட்டுக்காரியுடையது, பதம் பேக்கரிக்காரருடையது. தெருவில் பாதிப் பேரின் பண்டிகை ஒரே அடுப்பில் வெந்தது. ராயப்பேட்டையின் பழைய வழக்கங்களில் இதைவிட அழகானதை நான் அறியேன்.

இந்த வழக்கத்தில் மதுவுக்குரிய பாகம் சட்டத்தினால் மாறிற்று. ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதிலும் அமலுக்கு வந்தது. கள் இறக்குவதே குற்றமான பின், கள்ளிட்டுப் புளிக்க வைத்த ரொட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பெர்மிட் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் ஒரு சிறு புட்டி பிராந்திக்கும் வழியின்றி, பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலும் திராட்சைச் சாற்றிலும் ஊற வைத்தார்கள். மெதடிஸ்ட் குடும்பங்களுக்கு இது கஷ்டமாகத் தோன்றியிராது. பிராந்தி போன்ற காய்ச்சி வடித்த மதுவகைகளை விலக்குவது வெஸ்லி காலத்திலிருந்தே அச்சபையின் போதனை. இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் 'ஜிஞ்சர் வைன்' பண்டிகைக்குரிய பானமாக நிலைபெற்றதற்கு இந்தச் சூழ்நிலையும் துணை செய்தது என்று கருதுகிறேன். 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்து, பின்னர் விலகி, 1983இல் அரசின் மது வாணிப நிறுவனமான டாஸ்மாக் ஏற்பட்டதெல்லாம் அண்மைக்காலச் செய்தி. அனுமதியின்றி மதுவகை எதையும் வீட்டில் தயாரிப்பது இன்றைக்கும் சட்டவிரோதமே.

ஆகையால் இத்தாலியப் பிஸ்கட்டைச் செய்ய விரும்புகிறவர் மதுவை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது நம் முன்னோர் செய்தது போல அதில்லாமலே வாசனையைக் கொணர வேண்டும். எலுமிச்சையின் வாசனை சாற்றில் இல்லை. தோலிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் நீரில் கரையாது, சாராயத்தில் கரையும். லிமோன்செல்லோவின் ரகசியம் அவ்வளவே. மாவில் ஊற்றிய மதுவின் பரிமளம் அடுப்பின் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடுவதனால்தான், பிஸ்கட் ஆறிய பிறகு ஐசிங் சர்க்கரையை அதே மதுவில் குழைத்து மேலே பூசுகிறார்கள். நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது, அதன் வெள்ளைப் பகுதி கசக்கும். துருவும்போது பச்சையும் மஞ்சளுமான மேற்புறத்தோடு கையை நிறுத்திவிட வேண்டும். தடித்த தோலுள்ள நார்த்தங்காய் இதற்குப் பொருத்தமானது. துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல்களால் தேய்த்தால், சர்க்கரை ஈரம் கண்டு, நிறம் மாறி, அறை முழுவதும் மணக்கும்; சாராயம் செய்யும் காரியத்தில் பெரும்பகுதியை அந்தத் தேய்ப்பே செய்துவிடுகிறது. வெண்ணெயும் முட்டையும் மாவும் பேக்கிங் பவுடரும் கூட்டி, சிறு உருண்டைகளாக்கி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால் போதும். மேற்புறம் வெளுப்பாகவும் அடிப்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கையில் எடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வீடு மின்சார அவன் வந்துவிட்டதனால் பேக்கரிக்குத் தட்டு தூக்கிச் செல்வோர் இன்று அபூர்வமாகிவிட்டனர். அந்த நாளின் அளவுகள், பவுண்டும் அவுன்ஸும் ஆழாக்குமாகக் கலந்து, எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகங்களில் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. ராயப்பேட்டையில் அப்படி ஒரு நோட்டு உங்கள் பாட்டியார் பெட்டியில் இருக்குமானால், அதைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாமல், ஒரு பிரதி எடுத்து அருகிலுள்ள நூல்நிலையத்திலோ கோயிலின் ஆவணங்களோடோ சேர்த்து வையுங்கள். எந்த ரொட்டிக்கடைக்குத் தட்டு அனுப்பினார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பெயரையும் அதில் எழுதி வையுங்கள்.